அரை மாத்திரையில் இருக்கிறது பிரிட்டிஷ் உச்சரிப்பு

பிரிட்டிஷ் உச்சரிப்பு பழகத் தொடங்குபவர்கள் முதலில் கைவைப்பது 'ர்' ஒலியில்தான். 'கார்' என்பதைக் 'கா' ஆக்குவார்கள், 'டோர்' என்பதை 'டோ' ஆக்குவார்கள். ஒரே வாரத்தில் அது வந்துவிடும். ஆனாலும் பிரிட்டன்காரர் காதில் அது அவர் ஊர்ப் பேச்சாக விழாது. 'ர்' உதிர்ந்த தமிழ் ஆங்கிலமாகத்தான் விழும். உச்சரிப்பின் பெரும்பகுதி, விழுங்க வேண்டிய அசைகளில் கிடக்கிறது. தமிழில் ஒவ்வொரு அசைக்கும் அதற்குரிய நேரத்தைக் கொடுத்துப் பழகிய வாய், ஆங்கிலத்தின் எல்லா அசைகளுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கிறது. வேலையை அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தமிழ் பேசுபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்துக்கு வேண்டிய பல ஒலிகள் தமிழ் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. வேறு இடத்தில், வேறு வேலை பார்த்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்து இடம் மாற்றுவதுதான் குறுக்குவழி.

எந்த பிரிட்டிஷ் உச்சரிப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். லிவர்பூலில் பேசுவது நியூகாசிலில் பேசுவதல்ல. பர்மிங்காம் பேச்சு வேறு, வேல்ஸ் பேச்சு வேறு. பாடப்புத்தகங்கள் காட்டுவது தென் இங்கிலாந்தின் பொதுப் பேச்சை. ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917ல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி இதை வரையறுத்தது. 'ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சரிப்பு' என்று பொருள்படும் 'ரிசீவ்ட் ப்ரனன்சியேஷன்' என்ற பெயரை 1926 பதிப்பில் அவர் கையாண்டார். அதே 1926ல் பிபிசியும் உச்சரிப்புகளைத் தீர்மானிக்க ஒரு குழு அமைத்தது. ஆனால் 1941ல் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பேச்சு வாடையோடு வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் அதே வானொலியில் தேசியச் செய்தி வாசித்துவிட்டார். பழைய வானொலிக் குரலைப் பார்த்துப் பழகினால் இன்றைய லண்டனில் தாத்தா காலத்துப் பேச்சாகக் கேட்கும். எனவே இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் தென் இங்கிலாந்துக்காரரின் பேச்சையே அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன். கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ குடியேறப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஸ்காட்லாந்தில் 'ர்' முழுதாக ஒலிக்கும். 'ஏ', 'ஓ' இரண்டும் தமிழில் போலவே நெடுக நேராக நிற்கும். நம் இயல்பான ஆங்கிலத்துக்கு அந்தப் பேச்சு இந்த மூன்றிலும் மிக நெருக்கம். அவர்கள் 'ர்' ஒலியைத் தொலைக்க மெனக்கெட வேண்டியதே இல்லை.

இப்போது அரை மாத்திரைக்கு வருவோம். 'காசு' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'பசு' என்று சொல்லுங்கள். 'பசு'வின் கடைசி உகரத்துக்கு உதடு குவிகிறது. 'காசு'வுக்குக் குவிவதில்லை; ஒலி வாய்க்குள்ளேயே தேய்ந்து நின்றுவிடுகிறது. இலக்கணம் இதற்குக் குற்றியலுகரம் என்று பெயரிட்டு, அதன் நேர அளவை ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைத்தது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதன் நெருங்கிய உறவுதான். அகராதிகளில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி அச்சிட்டிருப்பார்கள்; 'ஷ்வா' என்பது அதன் பெயர். 'காசு'வின் கடைசி ஒலியைப் பிடித்துக்கொண்டு, தாடையை ஒரு நெல்மணி அளவு இறக்கி, 'அ' பக்கம் லேசாகச் சாயவிடுங்கள். உதடு அசையக் கூடாது. நாக்கு எங்கும் போகாமல் நடுவில் சும்மா கிடக்க வேண்டும். அவ்வளவுதான் ஷ்வா.

அழுத்தம் விழாத அசைகளில் பெரும்பாலானவை இந்த ஒலிக்குள் சுருங்கிவிடும். எழுத்து எதுவாக இருந்தாலும் சரி. 'பனானா'வில் மூன்று 'ஏ' எழுத்துகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது மட்டுமே 'ஆ', மற்ற இரண்டும் ஷ்வா. 'கம்ஃபர்ட்டபிள்' என்று நான்கு அசையாகச் சொல்லப்படுவது அங்கே 'கம்ஃப்-ட-ப்ல்' என்று மூன்றாகிவிடும். 'வெஜிடபிள்' 'வெஜ்-ட-ப்ல்'. புகைப்படத்தைக் குறிக்கும் 'ஃபோட்டோகிராஃப்' முதலசையில் அழுந்தும். புகைப்படக்காரரைக் குறிக்கும் 'ஃபடொக்ரஃப' இரண்டாம் அசையில் அழுந்தும். அழுத்தம் நகர்ந்ததும் முதலசையும் மூன்றாம் அசையும் ஷ்வாவாகத் தேய்கின்றன. எழுத்தைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுதான் மிகக் கடினம், ஏனெனில் தமிழில் எழுதியதற்கும் சொல்வதற்கும் இத்தனை தூரம் இல்லை.

சின்னச் சொற்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 'ஃபார்', 'ஆஃப்', 'டு', 'அண்ட்', 'கேன்', 'ஃப்ரம்', 'வாஸ்', 'ஹேவ்' போன்ற நாற்பது சொற்கள் வரை இரண்டு உருவம் கொண்டவை. வாக்கியத்தின் நடுவில் வந்தால் தேய்ந்த உருவம்: 'ஃபார்' வெறும் 'ஃப', 'டு' வெறும் 'ட', 'அண்ட்' வெறும் 'ன்', 'கேன்' வெறும் 'க்ன்'. வாக்கியத்தின் கடைசியில் நின்றாலோ, வேண்டுமென்றே வலியுறுத்தினாலோ மட்டும் முழு உருவம். 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்று கேட்கும் 'வேர் ஆர் யூ ஃப்ரொம்' என்பதில் கடைசிச் சொல் தேயாது. 'முடியும்', 'முடியாது' என்ற வேறுபாடே இதில் தொங்குகிறது. 'முடியும்' என்பதற்கு 'க்ன்', 'முடியாது' என்பதற்கு நீண்ட 'ஆ' வைத்த 'கான்ட்'. கடைசி 'ட்' பல நேரம் காதில் விழாது. உயிரொலியின் நீளத்தை வைத்தே அங்குள்ளவர்கள் பொருள் கொள்கிறார்கள். முடியும் என்பதை அழுத்தி 'கேன்' என்று சொல்பவர் முடியாது என்று சொன்னதாக அவர்களுக்குக் கேட்கக்கூடும்.

அடுத்து, இரட்டித்தல். தமிழில் 'படு', 'பட்டு' வேறு வேறு சொற்கள். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'ஹேப்பி', 'பட்டர்', 'லெட்டர்', 'ஆஃபீஸ்' எல்லாவற்றையும் இரட்டித்துச் சொல்கிறோம். ஆங்கில எழுத்தில் இரண்டு 'பி' இருந்தாலும் ஒலியில் ஒன்றுதான். உதடு ஒட்டியவுடனே பிரிய வேண்டும். இது ஒன்றைத் திருத்தினாலே பேச்சின் தாளம் பாதி மாறிவிடும் என்பது என் கருத்து. அதன் உடன்பிறப்பு, சொல்லின் கடைசியில் உகரம் ஒட்டுவது: 'பஸ்ஸு', 'கார்டு', 'போர்டு'. மெய்யில் முடித்துவிட்டு வாயை அப்படியே நிறுத்திப் பழகுங்கள். இன்னொன்று, நம்மில் பலர் கவனிக்காதது. பேச்சுத் தமிழில் 'எது' என்பது 'யெது' ஆகிறது, 'ஒரு' என்பது 'வொரு' ஆகிறது. அதே யகர வகரம் ஆங்கிலச் சொற்களின் முன்னாலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்: 'யெவ்ரி', 'வோன்லி', 'வோப்பன்'. தொண்டையை மெல்ல அடைத்துத் திறந்து, நேராக உயிரொலியில் தொடங்கினால் இது போகும்.

மெய்யொலிகளில் முதலாவது 'ட'. தமிழ் 'ட' நாக்கை மேலே வளைத்து அண்ணத்தில் பின்னால் தட்டுவது. ஆங்கிலத்தில் குரல் அதிராத 'ட்', குரல் அதிரும் 'ட்' இரண்டும் முன்பல்லுக்குச் சற்று மேலுள்ள மேட்டில் தட்டுபவை. அந்த இடத்தைத் தேடி அலைய வேண்டாம். றன்னகரத்தின் இடம் அது. 'மன்னன்' என்று சொல்லி, 'ன்ன'வில் நாக்கை அப்படியே ஒட்டிவைத்துக்கொண்டு, அங்கிருந்து காற்றை வெடிக்க விடுங்கள். வருவதுதான் பிரிட்டிஷ் 'ட்'. தொல்காப்பியம் றகரத்தையும் னகரத்தையும் ஒரே இடத்தில் பிறப்பவையாகச் சொல்கிறது. ஈழத்தமிழர் 'காற்று', 'நேற்று' என்பவற்றில் அந்தப் பழைய ஒலியை இன்றும் காத்துவருகிறார்கள். டொராண்டோவை 'ரொறொன்ரோ' என்று அவர்கள் எழுதுவதன் பின்னாலும் இந்தக் காதுதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சு வாய்த்தவர்கள் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போகலாம்.

இடம் சரியானபின் காற்று. சொல்லின் தொடக்கத்தில் வரும், குரல் அதிராத வல்லோசையான 'ப்', 'ட்', 'க்' மூன்றும் ஒரு மூச்சுக் காற்றோடு வெளிவர வேண்டும். மெல்லிய தாள் ஒன்றை உதட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, எழுதுகோலைக் குறிக்கும் 'பென்' சொல்லுங்கள். தாள் துள்ள வேண்டும். 'ஸ்பென்ட்' சொல்லுங்கள், துள்ளக் கூடாது, ஏனெனில் 'ஸ்' முன்னால் வந்தால் அந்தக் காற்று கிடையாது. வெடிப்புக்கும் உயிரொலிக்கும் இடையே நொடியில் இருபதில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால் போதும். அது இல்லாவிட்டால் குண்டூசி குப்பைத்தொட்டியாகக் கேட்கும், மேலங்கி ஆடாகக் கேட்கும். தமிழ் எழுத்தில் இரண்டும் 'பின்', இரண்டும் 'கோட்' என்பதிலேயே சிக்கல் தெரிகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கமும் தமிழிலிருந்து வருகிறது. மூக்கொலிக்குப் பின் வல்லினம் வந்தால் நாம் தானாகவே அதை மெலிதாக்கிவிடுகிறோம். 'பம்பரம்', 'சங்கு', 'வண்டி' எல்லாம் அப்படித்தான். அதே கையோடு எளிதைக் குறிக்கும் 'சிம்பிள்' சொன்னால் சின்னத்தைக் குறிக்கும் 'சிம்பல்' வந்துவிடுகிறது. கணுக்கால் கோணமாகிறது, மையம் அனுப்புநராகிறது. இதற்கு மருந்து, மூக்கொலியைச் சட்டென்று வெட்டுவது. 'சிம்' என்று குறுக்கிச் சொல்லி, உதட்டை மூடியபடி குரலை முழுதாக நிறுத்தி, ஒரு கணம் அமைதி விட்டு, 'ப்ல்' என்று காற்றோடு விடுங்கள். பத்துப் பதினைந்து முறை சொன்னால் அந்த இடைவெளி தானாகக் குறுகி இயல்பாகிவிடும்.

'த' வரிசை அவ்வளவு பயமுறுத்துவதல்ல. 'காது', 'அது' என்று வேகமாகச் சொல்லும்போது நாக்கு பல்லை முழுதாக அடைப்பதில்லை. காற்று கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கசிவுதான் 'திஸ்', 'தட்' இரண்டின் முதல் ஒலி. குரலை நிறுத்தி வெறும் காற்றாக விட்டால் நன்றி சொல்லும் 'தேங்க்ஸ்' கிடைக்கும். 'வ' ஒன்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேல்பல் கீழுதட்டைத் தொட்டு அதிர்ந்தால் 'வெரி', 'வேன்'. பல்லைத் தொடாமல் உதடு மட்டும் குவிந்து விரிந்தால் 'வெல்', 'வாட்டர்'. தமிழ் வகரம் இரண்டுக்கும் நடுவே நிற்பதால் இரண்டுமே தவறாகக் கேட்கும். சிலர் குவித்துப் பழகியபின் எல்லாவற்றையும் குவிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கண்ணாடி முன் நின்று 'வெரி வெல்' என்று சொல்லிப் பாருங்கள், முதலில் பல் தெரிய வேண்டும், அடுத்து உதடு வட்டமாக வேண்டும்.

இனி 'ர'. தமிழ் ரகரம் நாக்கு நுனியால் தட்டுவது. பிரிட்டிஷ் ஒலியில் நாக்கு எதையும் தொடாது. தொடாமல் மேலே நிற்கும் ஒலி நம்மிடம் இருக்கிறதே, ழகரம்! 'மழை' சொல்லி ழகரத்தில் நிறுத்துங்கள். நாக்கு நுனியைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள், வளைவைக் குறையுங்கள், உதட்டை லேசாகக் குவியுங்கள். 'ரெட்', 'ரைட்', 'வெரி' மூன்றையும் இந்த ஒலியில் சொல்லிப் பாருங்கள். ழகரத்தைத் திருத்தமாகச் சொல்பவருக்கு இது ஒரு மணி நேர வேலை.

உயிரொலிகளுக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. தமிழ் எழுத்தும் சரி, ஆங்கில எழுத்தும் சரி, இங்கே வழிகாட்டாது. ஒலியியலாளர் ஜான் வெல்ஸ் 1982ல் ஒவ்வோர் உயிரொலிக்கும் ஓர் அடையாளச் சொல்லை வைத்தார். குளியலைக் குறிக்கும் 'பாத்', ஆட்டைக் குறிக்கும் 'கோட்' என்று குடும்பம் குடும்பமாகச் சொற்களைப் பிரித்தார். நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குடும்பவாரியாகச் சொற்களைச் சேருங்கள். தனிச்சொல்லாகப் பழகினால் முடிவே இல்லை.

இதில் மிகப் பயனுள்ள மாற்றம் 'ஓ' சம்பந்தப்பட்டது. நம் நேரான 'ஓ'வை 'போட்', 'கோட்', 'ஹோம்' போன்ற சொற்களில் வைக்கிறோம். தென் இங்கிலாந்தில் அந்த ஒலி வேறு குடும்பத்துக்குச் சொந்தம்: சட்டத்தைக் குறிக்கும் 'லோ', நான்கைக் குறிக்கும் 'ஃபோ', நடப்பதைக் குறிக்கும் 'வோக்', பிடித்தேன் என்னும் 'கோட்'. ஆக, நாம் தமிழ் 'ஓ' வைத்துப் படகு என்று சொன்னால் வாங்கினேன் என்று கேட்கிறது. உங்கள் 'ஓ' நல்ல ஒலி, அதைக் கைவிட வேண்டாம். 'லா', 'வாக்', 'டாக்' என்று நாம் 'ஆ' போடும் சொற்களுக்கு அதைக் கொண்டுபோங்கள். காலியான இடத்தில் ஷ்வாவில் தொடங்கி 'உ'வில் முடியும் கூட்டொலியை வையுங்கள்: படகு 'பஉட்', வீடு 'ஹஉம்', போ 'கஉ'. தொடக்கத்தில் உதடு குவியக் கூடாது, கடைசியில்தான் குவிய வேண்டும். 'ஏ'வும் இதே மாதிரி நகரும். 'ஃபேஸ்', 'டே' எல்லாம் 'எ'யில் தொடங்கி 'இ'யில் முடியும்.

'டாக்டர்', 'காலேஜ்', 'ஹாட்', 'காஃபி' என்ற வரிசையில் நாம் போடும் 'ஆ' அமெரிக்கப் பேச்சுக்குப் பக்கம். பிரிட்டனில் இது குறில். உதடு வட்டமாகி, தாடை நன்றாக இறங்கிய 'ஒ'. 'டொக்டர்', 'கொலிஜ்' என்று ஈழத்தில் எழுதுவது இந்த ஒலிக்கு நெருக்கம். காப்பியையும் நகலையும் நாம் ஒரே 'காப்பி'யில் அடக்குகிறோம். அங்கே இரண்டுக்கும் உயிரொலி இந்தக் குறில் ஒகரமே, இடையில் பல் உதட்டைத் தொட்டால் பானம், உதடுகள் ஒட்டினால் நகல்.

பூனை, வெட்டு, வண்டி மூன்றையும் பிரிக்கப் பழகுங்கள். வெட்டைக் குறிக்கும் 'கட்'டில் தமிழ் அகரம், அப்படியே. மாற்றம் தேவையில்லை. வண்டியைக் குறிக்கும் 'காட்'டில் நீண்ட ஆகாரம், நாக்கு பின்னால். பூனையில்தான் வேலை. 'எ' சொல்லும் வாயை வைத்துக்கொண்டு, நாக்கு நுனி கீழ்ப்பல்லில் படும்படி விட்டு, தாடையை மட்டும் இறக்குங்கள். 'பேங்க்' என்றும் 'பாங்க்' என்றும் தமிழில் இருவிதமாக எழுதிக்கொண்டிருப்பது இந்த ஒலிக்கு எழுத்து இல்லாததால்தான்.

'க்ளாஸ்', 'பாஸ்', 'லாஸ்ட்', 'ஆஃப்டர்', 'டான்ஸ்', 'ஆன்ஸர்' போன்றவற்றில் நாம் ஏற்கெனவே 'ஆ' போடுகிறோம், அது தென் இங்கிலாந்துக்குச் சரி. வடக்கே போனால் பூனையின் குறில்தான். ஆர்வக்கோளாறில் இந்த 'ஆ'வை எல்லா இடத்துக்கும் பரப்புவது தான் ஆபத்து. 'க்ளாஸ்' நெடில், ஆனால் 'க்ளாஸிக்' குறில். தேர்ச்சியைக் குறிக்கும் 'பாஸ்' நெடில், பயணியைக் குறிக்கும் சொல்லில் குறில். 'கேஸ்' என்னும் எரிவாயுவும் 'ஹேண்ட்' என்னும் கையும் 'மேத்ஸ்' என்னும் கணக்கும் என்றும் குறில்தான்.

'வொர்க்', 'பேர்ட்', 'நர்ஸ்' மூன்றிலும் ஒரே ஒலி. ஷ்வாவை எடுத்து இரண்டு மாத்திரைக்கு நீட்டுங்கள், உதடு சோம்பிக் கிடக்கட்டும், 'ர்' வேண்டாம். உதடு குவிந்துவிட்டால் வேலை நடையாகிவிடும். கப்பலின் இகரமும் நம் இகரத்தைவிடத் தளர்வானது. எகரத்தை நோக்கி ஓரடி இறங்கியது. ஆட்டின் 'ஷீப்'பைக் குறுக்கினால் கப்பல் வராது.

நீளத்தில் ஒளிந்திருக்கும் விதி ஒன்றை ஆசிரியர்கள் அதிகம் சொல்வதில்லை. சொல்லின் கடைசியில் வல்லோசை 'ப்', 'ட்', 'க்', 'ஸ்', 'ஃப்' வந்தால் அதற்கு முந்தைய உயிர் சுருங்கும். குரல் அதிரும் மெல்லோசை வந்தால் முழு நீளம் எடுக்கும். இருக்கையின் 'ஈ' விதையின் 'ஈ'யில் ஏறக்குறையப் பாதி. முதுகும் பையும் தமிழில் ஒரே 'பேக்'. அங்கே முதுகு வெட்டென்று முடியும், பை இழுத்து முடியும். கடைசி மெய்யை அழுத்திச் சொல்ல முயல்வதைவிட உயிரின் நீளத்தைச் சரிசெய்வது பலன் தரும்.

லகரத்தைப் பற்றி ஒன்று. உயிருக்கு முன்னால் வந்தால் நம் 'ல' போதும். சொல்லின் கடைசியிலும் மெய்க்கு முன்னாலும் அது கனத்த லகரம்: 'மில்க்', 'ஃபீல்', 'டேபிள்'. 'டேபிள்', 'சைக்கிள்', 'ஆப்பிள்' என்று ளகரம் போட்டு எழுதினார்களே, அந்தக் கனத்தைத் தமிழ்க் காது சரியாகக் கேட்டிருக்கிறது. ஆனால் நாக்கை வளைக்கக் கூடாது. நுனி லகரத்தின் இடத்திலேயே இருக்க, நாக்கின் பின்பகுதி 'உ' சொல்வதுபோல் உயர வேண்டும்.

தொடக்கத்தில் ஒதுக்கிவைத்த 'ர்' இப்போது எளிது. அடுத்து உயிரொலி வந்தால் மட்டும் அது பிழைக்கும். 'ஃபோ' என்பது நான்கு. நான்கு ஆப்பிள் என்றால் 'ஃபோ-ராப்ல்ஸ்'. இந்த இணைப்பை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் 'ர்' தொலைப்பவர்களின் பேச்சு துண்டு துண்டாகக் கேட்கும். 'ஐடியா ஆஃப்' என்பதை, எழுத்திலேயே 'ர்' இல்லாத இடத்தில், 'ஐடிய-ரவ்' என்று அங்குள்ளவர்கள் சேர்ப்பதும் உண்டு. வலிந்து பழக வேண்டாம்.

சொல்லழுத்தத்துக்கு அகராதியை நம்புங்கள். வாழ்க்கைத் தொழிலும் சுமந்து செல்பவரும் நம் எழுத்தில் ஒரே 'கேரியர்'. முன்னதில் அழுத்தம் இரண்டாம் அசையில், முதலசை ஷ்வா, பின்னதில் முதலசையில். 'ஹோட்டல்', 'கிட்டார்', 'டெவலப்', 'கமிட்டி', 'ஈவன்ட்' ஐந்திலும் இரண்டாம் அசைதான். தமிழ் வாய் முதலசையிலேயே ஊன்றப் பார்க்கும்.

குரலின் ஏற்ற இறக்கத்தைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் ஒன்றை அழுத்த 'தான்', 'ஏ', 'உம்' என்ற இடைச்சொற்கள் இருக்கின்றன. 'நான்தான் வருகிறேன்', 'நாளைக்குத்தான் வருகிறேன்' என்று ஒட்டு மாறினால் பொருள் மாறும், குரல் மாற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த 'தான்' குரலில் இருக்கிறது. 'ஐம் கமிங் டுமொரோ' என்ற ஒரே வாக்கியத்தில், 'ஐம்' மேலே எழுந்து இறங்கினால் 'நான்தான்'. 'மொ' எழுந்து இறங்கினால் 'நாளைக்குத்தான்'. முக்கியமான பகுதி, இறங்கியபின் நடப்பது: வாக்கியம் முடியும்வரை குரல் தரையிலேயே கிடக்க வேண்டும். 'நான்தான்' என்று சொல்லிவிட்டு 'டுமொரோ'வில் மறுபடி எழுப்பினால் பொருள் குழம்பிவிடும். தமிழில் ஒரு வாக்கியம் சொல்லி, எங்கே 'தான்' ஒட்டுவீர்களோ அங்கே ஆங்கிலத்தில் குரலை இறக்குங்கள். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. 'இஸ்ன்ட் இட்' போன்ற வால்களிலும் இதே கதை. இறங்கினால் 'ஆமாம்தானே', ஏறினால் உண்மையான கேள்வி.

எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். நான் திரும்பி வருவதற்குள் கடிதங்களை மேசைமேல் வைக்கிறீர்களா என்று கேட்கும் வாக்கியம்: 'குட் யூ புட் த லெட்டர்ஸ் ஆன் த டேபிள் பிஃபோர் ஐ கெட் பேக்'. பதினைந்து அசைகள். இதில் தாளம் விழுவது நான்கில்: 'புட்', 'லெ', 'டே', 'பேக்'. முதலில் மேசையில் சீராக நான்கு தட்டுத் தட்டி இந்த நான்கை மட்டும் சொல்லுங்கள். தட்டின் வேகம் மாறாமல் மற்ற பதினொன்றையும் இடுக்குகளில் நிரப்புங்கள். 'குட் யூ' இரண்டும் ஒட்டிக் 'குஜ' ஆகும். 'லெட்டர்ஸ்' இரட்டிக்காமல் 'லெ-டஸ்', கடைசியில் அதிரும் ஸகரம். 'ஆன்' குறில் ஒகரம். 'டேபிள்' காற்றோடு தொடங்கி உயிரில்லாத 'ப்ல்'லில் முடியும். 'பிஃபோர் ஐ' என்பதில் 'ர்' உயிர்த்தெழுந்து 'பிஃபோ-ரை' ஆகும். 'கெட் பேக்' என்பதில் 'ட்' வெடிக்காது. தொண்டை ஒரு கணம் அடைபட்டு நேராக 'பேக்' வரும். இந்தத் தொண்டையடைப்பு அடுத்து மெய் வரும்போது மட்டும் பொதுப்பேச்சில் இயல்பு. 'வாட்டர்', 'பெட்டர்' நடுவில் செய்தால் அது லண்டன் வட்டாரப் பேச்சு. ஒரே பேச்சில் இரண்டையும் கலந்தால் ஒட்டாது.

பயிற்சிக்கு ஒரே ஆளைத் தேர்ந்தெடுங்கள். செய்தி வாசிப்பைவிட நேர்காணல் நல்லது, அங்கேதான் தேய்மானம் தெரியும். முப்பது நொடித் துண்டு ஒன்றை எடுத்து, முதல் இரண்டு நாள் கேட்க மட்டும் செய்யுங்கள். எழுதி, தாளம் விழும் அசைகளில் கோடிடுங்கள், ஷ்வா வரும் இடங்களை அடியுங்கள். மூன்றாம் நாளிலிருந்து முக்கால் வேகத்தில் அவர் குரலுக்கு அரை நொடி பின்னால் நிழல்போலத் தொடருங்கள்; பிறகு முழு வேகம். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், நீட்டினால் நாக்கு களைத்துப் பழைய இடத்துக்கே போய்விடும். வாரம் ஒருமுறை அதே துண்டைப் பதிவு செய்து அவருடையதோடு அடுத்தடுத்து ஓட்டிக் கேளுங்கள். காது ஏமாற்றினால் கண் உதவும்: ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிராட்' என்ற இலவச மென்பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும், ஒவ்வோர் உயிரின் நீளத்தையும் அளந்து சொல்லும். வரிசை என் பரிந்துரைப்படி: முதல் மாதம் ஷ்வா, இரட்டிப்பு, தாளம், இரண்டாம் மாதம் 'தான்' பயிற்சியும் 'ஓ' இடமாற்றமும், மெய்யொலிகள் அதன்பின். இடப்பெயர்களைத் தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்: 'லெஸ்ட' (Leicester), 'க்ளொஸ்ட' (Gloucester), 'நொரிஜ்' (Norwich), 'க்ரெனிச்' (Greenwich), 'எடின்ப்ர' (Edinburgh), 'டெம்ஸ்' (Thames). எழுத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்காது.

தமிழ்ப் பெயரை ஆங்கில வாக்கியத்தில் சொல்லும்போது அதையும் வளைக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. வேண்டாம். பெயருக்கு முன் ஒரு கணம் நிறுத்தி, தமிழ் ஒலியிலேயே, மற்ற சொற்களைவிட மெதுவாகச் சொல்லி, அங்கே குரலை இறக்குங்கள். யாழினி என்ற பெயரை அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால், 'ரெட்' சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வளைக்கச் சொல்லுங்கள், உதட்டைக் குவிக்காமல். நீங்கள் ழகரத்திலிருந்து அவர்கள் ரகரத்துக்குப் போன அதே தூரம்தான்.